சும்மா இருக்காத கை

டார்கஸ் ஃப்ளெட் ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போதுகூட அவளுடைய ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் பெஞ்சின் மறுகோடியில் வைத்த பாட்டுப்புத்தகம் நகர்ந்து கீழே விழும். மீனைக் கழுவிக்கொண்டே அடுப்பைக் கிளறுவாள், அடுப்பைக் கிளறிக்கொண்டே யாரையாவது வைவாள். வீட்டுக்காரர் ஐசாயா மிருகங்களுக்குப் பொறி வைக்கக் காட்டுக்குள் போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். பனிக்காலம் முழுக்க ஒற்றை ஆளாக விறகு பிளந்து, உறைந்த ஏரியை உடைத்துத் தண்ணீர் மொண்டு, மகள் நார்மாவை வளர்த்தவள் அவள். ஓடின ஓட்டத்தில் கைக்கு நிற்கத் தெரியாமல் போய்விட்டது என்று ஐசாயா இறந்துபோன பிறகு அவளே சொல்லிக்கொள்வாள். அது பாதி உண்மை. அந்தக் கைக்கு ஒரு வேலை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது என்பது மீதி. அது பிங்கோ.

வடக்கே காட்டுக்கு நடுவில் இருக்கும் எங்கள் வெள்ளைப்பாறை ஏரி ஊரில் அந்த நாட்களில் பிங்கோ ஊர் ரேடியோவில் நடக்கும். ரேடியோ அறையில் ஒருவர் எண்களைக் கூவ, வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு, வந்த எண்ணின்மேல் வட்டச் சில்லு வைப்பார்கள். வரிசை நிறைந்தவர் ஓடிப்போய் ரேடியோ அறைக்குப் போன் போடுவார். ஆட்டம் முடிந்தால் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டாம். ஓரத்தில் தகர வளையம் போட்ட சில்லுகள் அவை. சாண் நீளக் காந்தக்கோலை அட்டைக்கு மேல் ஒரு வீசு வீசினால் அத்தனையும் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். டார்கஸின் கோல் சிவப்பு நிறம். ஜெயித்தால் கோலின் ராசி, தோற்றால் எண் கூவினவனின் முகராசி என்பாள். ஆட்டம் இல்லாத நேரத்திலும் அது அவள் விரல்களுக்குள் சுழன்றுகொண்டிருக்கும்.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் பெரிய ஆட்டம். நார்மாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு அட்டை ஆடிவிட்டு வந்துவிடுகிறேன் என்று டார்கஸ் போனாள். ஒரு அட்டை ஆறு அட்டையாயிற்று. டீ போடலாம் என்று அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கப் போன பிள்ளையின் கையில் கொதிநீர் கவிழ்ந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அந்தத் தழும்பு இன்னும் பளபளவென்று இருக்கிறது. நார்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. பெரியவர்களின் தப்பை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வது பழங்குடிகளான எங்கள் ஆட்களுக்கு ஆகாது. செய்தவருக்கே தெரியும் என்று விட்டுவிடுவோம். அம்மா பிங்கோ அட்டையை எடுக்கும்போதெல்லாம் நார்மா சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

அந்த நார்மாதான், தான் பிள்ளைத்தாய்ச்சியாகி, ஊரில் ஆஸ்பத்திரி இல்லாததால் எல்லாப் பெண்களையும்போல முன்கூட்டியே நகரத்துக்குப் பறந்து விடுதியில் காத்திருந்தபோது, முதல்முறையாக வாயைத் திறந்தாள். போனில் சொன்னாள்.

"அம்மா, நீ கூட இருக்கணும்னு எனக்கு ஆசை. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் கோலைப் பிடிச்ச கை என் பிள்ளையைத் தொடக் கூடாது. இங்க பெரிய பிங்கோ ஹால் இருக்கறது உனக்கும் தெரியும். எல்லாத்தையும் விட்டுட்டு வர்றதா இருந்தா வா. இல்லேன்னா வராதே."

டார்கஸ் உடனே சரி என்றாள். அன்றைக்கே அட்டைக் கட்டையும் சில்லுப் பையையும் பக்கத்து வீட்டுச் சிப்போராவிடம் கொடுத்துவிட்டாள். கோல் எங்கே என்று சிப்போரா கேட்டதற்கு, ஏரியில் விழுந்துவிட்டது என்று கண்ணை இமைக்காமல் ஒரு பொய் சொன்னாள். கோல் அவள் சட்டைக் கைக்குள் இருந்தது. நகரத்தில் போய் ஆட வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. விடுதியில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே, விரலுக்கு ஏதாவது வேண்டாமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நார்மாவுக்குத் தெரியப்போவதில்லை என்பதும் அந்தச் சமாதானத்தில் ஒரு பங்கு.

அந்தக் கோடையில் காடு எரிந்துகொண்டிருந்தது. எங்கே எரிகிறது என்று சொல்ல முடியாதபடி நாலா பக்கமும் புகை. இரண்டு நாள் விமானம் வரவில்லை. டார்கஸ் படகுத்துறைக்கும் வீட்டுக்கும் நடந்த நடையில் வழியில் இருந்த நாய்களெல்லாம் அவளுக்கு ஒதுங்கி நின்றன. மூன்றாம் நாள் புகை கொஞ்சம் மெலிந்து, தண்ணீரில் இறங்கும் அந்தச் சின்ன விமானம் மிதவைக்கால்களோடு ஏரியில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ரூஃபஸ் மோனியாஸ்.

ரூஃபஸ் டார்கஸின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். எங்கள் ஊரிலிருந்து விமானம் ஓட்டப் போன முதல் பையன். விமானக் கம்பெனி முதலாளி ஹாலொரன் அவனைப் பல வருஷம் படகுத்துறையில் மீன்பெட்டி தூக்க வைத்துவிட்டு, கடைசியில் வேறு ஆள் கிடைக்காத ஒரு கோடையில்தான் ஓட்டவிட்டார். ஒரு தப்பு நடந்தால் திரும்பப் பெட்டி தூக்க வேண்டியதுதான் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். ஊரே அவனை நம்பித்தான் ஏறும். ஏரிகளின் வடிவத்தைப் பார்த்தே வழி சொல்லுவான், அவனுக்கு வரைபடம் மடியில் வைக்கும் அலங்காரம் என்று கிண்டல் செய்வார்கள்.

பின்னால் முழுக்க மீன்பெட்டிகள். பாரம் ஏறினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும்; நகரம் போய்ச் சேர ஆகிற நேரத்துக்கு மேலே அரைமணி நேரத்துக்குத்தான் இருந்தது. வழக்கமாக அது தாராளம். டார்கஸ் முன்னால், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளம்பும்போது திசைகாட்டி சரியாகத்தான் இருந்தது.

மேலே ஏறினதும் எஞ்சின் சூட்டில் அவளுக்கு வியர்த்தது. சட்டைக் கைக்குள் கோல் உறுத்தியது. கழுத்துச் சால்வையை அவிழ்த்து, ரூஃபஸ் அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் கோலை அதற்குள் சுருட்டி, முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில் வைத்தாள். திசைகாட்டி அதே தட்டில், ஒரு சாண் தள்ளி இருந்தது. ரூஃபஸ் சால்வையைப் பார்த்தான். அந்தத் தட்டில் எதையும் வைக்கக்கூடாது என்பது அவனுடைய சட்டம். மீன்பிடிக்க வரும் வெள்ளைக்காரர்கள் தொப்பியை வைத்தால்கூட எடுக்கச் சொல்லிவிடுவான். அத்தையிடம் எப்படிச் சொல்வது? துணிதானே என்று விட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் புகை மறுபடி அடர்ந்தது. மேலேயும் புகை, கீழேயும் புகை, நடுவில் இவர்கள். சூரியன் எங்கேயோ ஒரு சிவப்புக் கறையாகத் தெரிந்தது. இனிமேல் ஏரியைப் பார்த்து வழி பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் ரூஃபஸ் திசைகாட்டியைப் பார்த்து விமானத்தை நேராக்கினான். அது காட்டின பக்கம் பிசகாமல் ஓட்டினான். பக்கத்தில் சுருண்டு கிடந்த சால்வை அந்தத் திசைகாட்டியை இழுத்துப் பிடித்துப் பொய் சொல்ல வைத்துக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரியாது.

நகரத்துக்கு முன்னால் வரவேண்டிய நீளமான ஏரி வரவில்லை. காற்று தள்ளியிருக்கும் என்று அவன் கொஞ்சம் இடது பக்கம் போய்ப் பார்த்தான். பிறகு வலது பக்கம். புகைக்கு நடுவே தெரிந்த ஓட்டைகளில் எல்லாம் அவனுக்குத் தெரியாத ஏரிகள் வந்துவந்து போயின. ரேடியோவில் கூப்பிட்டான், கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. டார்கஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த ஊரின் ஆகாயத்தில் ஒருவன் தொலைந்துபோகிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"வழி தெரியுதாடா?" என்றாள்.

"தெரியுது அத்தை." எரிபொருள் முள்ளைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னான்.

எஞ்சின் இருமியது. இன்னொரு தரம் இருமி நின்றது. காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது. ரூஃபஸ் ஒரு புகை ஓட்டையில் மின்னின தண்ணீரைப் பார்த்து மூக்கைச் சாய்த்தான். இறக்கினது அருமையாகத்தான் இறக்கினான். தண்ணீருக்கடியில் பாறை இருந்ததற்கு அவன் என்ன செய்வான்? ஒரு மிதவைக்கால் கிழிந்து, விமானம் ஒருக்களித்து, அவன் தோள் கதவில் மோதி எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. உள்ளே தண்ணீர் ஏறியது. டார்கஸ் முதலில் சால்வையைத்தான் எடுத்தாள். அப்புறம்தான் அவனை இழுத்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் அவனைத் தாங்கிக் கரையேற்றினாள்.

கரையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடக்கலாம் என்றாள். எந்தப் பக்கம் என்று அவன் கேட்டதற்கு, ஏதாவது ஒரு பக்கம் என்றாள். விமானத்தை விட்டுப் போனவர்களைத்தான் எலும்பாக எடுத்துவருவார்கள் என்று அவன் சொன்ன பிறகு, கரையிலேயே இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைக்கு நடந்தாள். நார்மாவுக்கு வலி எடுத்திருக்குமோ? விமானம் வரவில்லை என்று தெரிந்து அந்தப் பெண் என்ன பாடுபடுகிறதோ? மிதந்து வந்த பெட்டியிலிருந்து மீனை எடுத்துச் சுட்டாள், கொசுவுக்குப் பச்சைக்கிளை போட்டுப் புகை மூட்டினாள், அவன் தோளைச் சால்வையால் கட்டினாள். கோல் மறுபடி சட்டைக் கைக்குள் போயிற்று.

மறுநாள் ரூஃபஸ் வலியோடு தண்ணீரில் இறங்கிப் போய், சாய்ந்து கிடந்த விமானத்திலிருந்து திசைகாட்டியைக் கத்தியால் கழற்றி எடுத்துவந்தான். புகை விலகின நேரமாகப் பார்த்து ஒரு குச்சியை நட்டு, நிழலைக் குறித்து, திசைகாட்டியோடு ஒப்பிட்டான். சரியாக இருந்தது. இன்னொரு தரம் பார்த்தான். சரியாகவே இருந்தது.

"காம்பஸ் மேல தப்பில்ல அத்தை," என்றான். "தப்பா ஓட்டினது நான்தான். எப்படின்னுதான் புரியல."

திசைகாட்டியைச் சட்டையில் துடைத்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி இருந்தான். ஆடின கால் அன்றைக்கு அவனுடையது. ஹாலொரன் என்ன சொல்லப்போகிறார் என்பது அவனுக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லப்போகிறது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

டார்கஸ் தகர டப்பாவில் டீ காய்ச்சி அவனிடம் நீட்டக் குனிந்தாள். அவன் மடியில், திசைகாட்டிக் கண்ணாடிக்குள் மிதந்த எண்வட்டம் அவள் கையைப் பார்த்துத் திரும்பியது. அவள் சட்டென்று கையைப் பின்னால் இழுத்தாள். வட்டம் மெதுவாகப் பழைய இடத்துக்குப் போயிற்று. மறுபடி கையை நீட்டினாள். சில்லுகள் ஓடிவருகிற அதே ஆசையோடு அது ஓடிவந்தது. அவள் நிமிர்ந்து ரூஃபஸைப் பார்த்தாள். அவன் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். டப்பாவை வாங்கிக்கொண்டு, சர்க்கரை இருந்தால் நன்றாயிருக்கும் என்று மட்டும் சொன்னான்.

அவள் ஏரிக்கரைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கோலை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு வீசு வீசினால் தீர்ந்தது. சிப்போராவிடம் சொன்ன பொய்கூட உண்மையாகிவிடும், நார்மாவுக்கும் தெரியாது. வீசிவிட்டால் அண்ணன் மகன் கடைசி வரைக்கும் வழி தெரியாதவனாகவே இருப்பான். சொல்லிவிட்டால் பேரப்பிள்ளையைத் தொட முடியாது. கொதிநீர் கொட்டின அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஓடிவந்தபோதுகூட இந்தக் கோல் தன் கையில்தான் இருந்தது என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாளே தவிர, வீசவும் இல்லை, சொல்லவும் இல்லை. திரும்பச் சட்டைக் கைக்குள்ளேயே செருகிக்கொண்டாள்.

அடுத்த நாள் காற்று திரும்பிப் புகை விலகியது. தேடி வந்த ஹெலிகாப்டர், போகவேண்டிய பாதையிலிருந்து வெகுதூரம் கிழக்கே, யாரும் தேட நினைக்காத ஏரியில் அவர்களைக் கண்டுபிடித்தது. உன் ஊரிலேயே இவ்வளவு தூரம் எப்படியப்பா வழி தப்பினாய் என்று ஹெலிகாப்டர்காரன் சாதாரணமாகத்தான் கேட்டான். ரூஃபஸ் தலையைக் குனிந்துகொண்டான். திசைகாட்டி அவன் சட்டைப்பையில் இருந்தது.

நகர ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சேர்த்தார்கள். நார்மாவுக்கு முந்தின நாளே பெண்பிள்ளை பிறந்திருந்தது. டார்கஸ் ஈரம் காய்ந்த அதே உடுப்போடு மாடிக்கு ஓடினாள். நார்மா அழுது வீங்கின கண்ணோடு படுக்கையில் சாய்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"செத்துப்போயிட்டேன்னு நினைச்சேம்மா," என்று துணியில் சுற்றின பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள். "இந்தா. பிடி."

டார்கஸின் கைகள் தாமாகவே முன்னால் போயின. சட்டைக்குள் கோல் நழுவி மணிக்கட்டில் இடித்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

"இரு," என்றாள். கோலை வெளியே உருவி, மகள் பார்க்கும்படி பிடித்தாள். "இதை நான் விடல. இதாலதான் விமானம் விழுந்துச்சு. காம்பஸ் பக்கத்துல வச்சுட்டேன். ரூஃபஸ் மேல தப்பே கிடையாது."

நார்மா பிள்ளையைத் திரும்பத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்கிட்ட எதுக்குக் காட்டறே?" என்றாள். "காட்ட வேண்டிய இடத்துல போய்க் காட்டு."

கீழே ரூஃபஸின் கட்டிலைச் சுற்றி விசாரணை அதிகாரியும் ஹாலொரனும் இருந்தார்கள். புகை, எனக்கு வழி தப்பிவிட்டது, என் தப்புத்தான் என்று ரூஃபஸ் சொல்லிக்கொண்டிருந்தான். ஹாலொரன் நான் அப்போதே சொன்னேனே என்கிற முகத்தோடு ஜன்னல் பக்கம் நின்றார். மேசைமேல் திசைகாட்டி இருந்தது. டார்கஸ் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கோலை அதன் பக்கத்தில் வைத்தாள். எண்வட்டம் சுற்றியது. எடுத்தாள், திரும்பியது. எல்லாரும் பார்த்தாயிற்றா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"காம்பஸ் பக்கத்துல நான் வச்ச சால்வைக்குள்ள இருந்தது இதுதான்," என்றாள் அதிகாரியிடம். "வழி முழுக்க அங்கதான் இருந்துச்சு." பிறகு ரூஃபஸைப் பார்த்து, "உன்கிட்ட மறைச்சுட்டேன்டா," என்றாள்.

ரூஃபஸ் கட்டுப்போட்ட தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "டீ குடுத்தீங்களே, அப்பவே பார்த்தேன் அத்தை."

"பார்த்துட்டுமா சும்மா இருந்தே?"

"நான் எப்படிச் சொல்றது? நீங்கதான் சொல்லணும்."

டார்கஸுக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசிப்போயிற்று. வாழ்க்கையில் யாரும் அவளை அதைவிடப் பெரிதாகத் திட்டினதில்லை. தட்டில் எதையும் வைக்கவிடாத தானே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதும் தப்புத்தான் என்று ரூஃபஸ் அதிகாரியிடம் சேர்த்துச் சொன்னான். அதிகாரி கோலையும் திசைகாட்டியையும் நாலைந்து தரம் சேர்த்தும் பிரித்தும் பார்த்தார். காந்தம் இழுத்தது வேறு, புகை அடர்ந்தபோதே, எரிபொருள் இருக்கும்போதே ஊருக்குத் திரும்பாமல் தொடர்ந்து ஓட்டினது வேறு, அதற்கு ரூஃபஸ் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். ஆனாலும் அவனுக்கு வழி தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது என்றும் ஹாலொரனைப் பார்த்தபடி சொன்னார். கோலை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார். டார்கஸ் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

மாடிப்படி ஏறும்போது அவள் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டையைப் பிடித்தது, கைப்பிடியைத் தட்டியது, மற்றக் கையைப் பிசைந்தது. நார்மாவின் அறை வாசல் வரைக்கும் போனாள். உள்ளே போக அவளுக்கு உரிமை இல்லை என்று பட்டது. வெளியே இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். காலை ஆடவிடாமல் இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை சிணுங்கியது, அடங்கியது, மறுபடி சிணுங்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, கடைசியில் உள்ளேயிருந்து நார்மாவின் குரல் வந்தது.

"அம்மா. கையைக் கழுவிட்டு வா."

அறை மூலையில் கழுவுகிற தொட்டி இருந்தது. டார்கஸ் மகள் பக்கம் பார்க்காமல் நேரே அதனிடம் போனாள். சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு சோப்புப் போட்டாள். அலம்பினாள். மறுபடி சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, முழங்கை வரை அலம்பினாள். மறுபடியும் சோப்பை எடுத்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

"போதும்மா, தோல் உரிஞ்சுடப் போகுது," என்றாள் நார்மா. "வந்து உட்காரு."